அடிநாதம் வளர்ந்த கதை

யூபிலி மலர் என்றால் கோவில் எழும்பிய வரலாறும், பங்குத் தந்தையரின் வரிசையும், பக்த சபைகளின் அறிக்கையும் இடம்பெறுவது மரபு. அவற்றை எழுதத் தகுதியுடையோர் எழுதியிருக்கிறார்கள். பாடகர் குழுவில் ஓர் ஓரமாக நின்று பல ஆண்டுகள் பாடிய என்னிடம் ஆசிரியர் குழுவினர் ஒரு கட்டுரை கேட்டபோது, கண்ணால் கண்ட வரலாற்றை விடக் காதால் கேட்ட வரலாற்றையே எழுதலாம் என்று துணிந்தேன். அதற்கு ஒரு காரணமும் உண்டு.

யூபிலி ஏற்பாட்டுக் கூட்டம் ஒன்றில் நம் இளைஞர்கள் எழுந்து, "பேஸ் கிட்டார் சத்தம் போதவில்லை, விழாவுக்காவது பெரிய ஆம்ப்ளிபயர் வாங்க வேண்டும்" என்றார்கள். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டியம்மா எழுந்தார். "ஏம்ப்பா, இப்ப இருக்கிற சத்தத்திலேயே என் குரல் எனக்குக் கேட்கலை. நான் பாட்டை நிறுத்தி ஆறு மாசம் ஆச்சு" என்றார். கூட்டம் சிரித்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. ஒரே கோவில், ஒரே திருப்பலி, ஒரே பெட்டி. ஒருவருக்குக் கேட்கவில்லை, மற்றவருக்குக் காதை அடைக்கிறது. இது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் கீழ்க்கண்ட செய்திகளைத் திரட்டினேன்.

மின்சாரம் இல்லாத குரல்

கொடைமலையில் 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் வீடு கட்டிக் குடியேறினார்கள். பின்னர் சேசு சபையினர் வந்தார்கள். சங். செயின்ட் சிர் சுவாமியின் முயற்சியால் 1866-ல் சலேத்து மாதா ஆலயம் எழும்பியது. நம் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி 1895-ல் தொடங்கப்பட்டது. அந்நாளில் அங்கே படிப்பும் வழிபாடும் இலத்தீன் மொழியில் நடந்தன. ஒலிபெருக்கி என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. மனிதத் தொண்டையும், உயர்ந்த கூரையும், கல் சுவரும்தான் அக்காலத்து ஆம்ப்ளிபயர். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி அடுத்த சுரத்தோடு கலக்கும். ஆகவே பாடுவோர் நிதானமாகப் பாடினார்கள், இழுத்துப் பாடினார்கள். கட்டிடத்துக்கு ஏற்பப் பாட்டு அமைந்தது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். நம் கதை முடியும்போது இதே இடத்துக்குத் திரும்பி வருவோம்.

ஒலியைப் பெருக்கும் ஆசை துறவியருக்கும் இருந்தது. அத்தனாசியுஸ் கிர்க்கெர் என்ற ஜெர்மானிய சேசு சபைத் துறவி உரோமையில் வாழ்ந்தவர். 1650-ல் இசையைப் பற்றியும், 1673-ல் ஒலியைப் பற்றியும் பெரும் நூல்களை வெளியிட்டார். உரோமைக்குக் கிழக்கே மென்றொரெல்லா என்னும் மலைமேல் பாழடைந்து கிடந்த மாதா கோவிலைப் புதுப்பித்தவரும் அவரே. அந்த மலையிலிருந்து நீண்ட குழல் ஒன்றின் வழியாகக் குரல் கொடுத்துச் சுற்றியிருந்த ஊர்களின் மக்களைத் திருவிழாவுக்கு அழைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். மலைக்கோவில், மாதா திருவிழா, ஊர் ஊராய்க் கேட்கும் அழைப்பு! ஆகஸ்டு மாதம் 14, 15 தேதிகளில் கொடைக்கானல் சலேத்து மாதா திருவிழாவுக்குப் போய் வருவோருக்கு இது பழக்கப்பட்ட காட்சிதான். மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்குக் கிர்க்கெர் சுவாமியின் குழலை முன்னோடி என்று சொல்லலாம்.

விலக்கும் அனுமதியும்

கோவிலுக்குள் எந்த இசைக்கருவி வரலாம், எது வரக்கூடாது என்பது நெடுங்காலமாக வழக்காடப்பட்ட பொருள். 1903 நவம்பர் 22-ம் நாள் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட கட்டளையில், ஆர்கனுக்கு இடம் தரப்பட்டது. பியானோ விலக்கப்பட்டது. மத்தளம், தாளம் போன்ற இரைச்சல் கருவிகளும் விலக்கப்பட்டன. பேண்டு வாத்தியம் கோவிலுக்கு வெளியே, பவனியில், ஆயரின் அனுமதியுடன் வாசிக்கப்படலாம். நம் ஊர்களில் தேர்ப் பவனிக்குப் பேண்டும், உள்ளே பூசைக்கு ஹார்மோனியமும் என்று வழக்கம் அமைந்ததற்கு இந்தப் பின்னணியும் ஒரு காரணம்.

ஹார்மோனியத்தின் கதையும் சுவையானது. பாரிஸ் நகரத்து தெபேன் என்பவர் 1842-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். காலால் மிதிக்கும் அந்தக் கருவியைத் தரையில் அமர்ந்து கையால் துருத்தி இயக்கும் பெட்டியாக மாற்றியமைத்தவர் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ். காலம் 1875-ஐ ஒட்டியது. அகில இந்திய வானொலி 1940-ல் ஹார்மோனியத்துக்குத் தடை விதித்தது, 1971-ல்தான் தளர்த்தியது. வானொலி நிலையத்தில் நுழைய முடியாத அந்த முப்பது ஆண்டுகளிலும் அது நம் கோவில்களில் பாடற்பலகைக்குப் பக்கத்தில் உரிமையோடு வீற்றிருந்தது!

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, குழல் ஆர்கனின் பெருமையைக் குறிப்பிட்டதோடு, பிற கருவிகளும் புனிதப் பயன்பாட்டுக்குத் தக்கவையாயின், அந்தந்த நாட்டுத் திருச்சபை அதிகாரத்தின் இசைவுடன் சேர்க்கப்படலாம் என்று கதவைத் திறந்தது. 1967 மார்ச் 5-ம் நாள் வெளியான இசை பற்றிய போதனை, கருவியின் ஒலி மக்களின் பாடலைத் தாங்கி நிற்க வேண்டும், குரல்களை மூடிவிடக் கூடாது என்ற கருத்தை வலியுறுத்தியது. பூசை தமிழுக்கு வந்தது. தபலா வந்தது, கிட்டார் வந்தது. சினிமாப் பாட்டில் பேஸ் கிட்டாரின் நடையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை கோவில் பாடகர் குழுவுக்குள் நுழைந்தது. 1976-ல் 'அன்னக்கிளி' வழியாக அறிமுகமான இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனக்கென ஒரு பாட்டையே பாடுவதை அறியாதார் உண்டோ? அவரது பண்ணைப்புரமும் இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம்தான்.

குழாயால் ஆகாத காரியம்

1915-ம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் ஜென்சன், பிரிதாம் என்ற இருவர் மின்சார ஒலிபெருக்கியை அமைத்துப் பெருங்கூட்டத்துக்குப் பேச்சையும் பாட்டையும் கேட்கச் செய்தார்கள். 1925-ல் ரைஸ், கெல்லாக் என்ற பொறியாளர்கள், இன்று நாம் காணும் காகிதக் கூம்பு ஸ்பீக்கரின் அடிப்படை வடிவத்தை வெளியிட்டார்கள். நம் நாட்டில் சுதந்திரப் போராட்டக் கூட்டங்களில் சிக்காகோ ரேடியோ நிறுவனத்தின் ஒலிபெருக்கிகள் முழங்கின. 1940-ல் தொடங்கிய அகுஜா நிறுவனத்தின் பெயர் பின்னாளில் மைக்செட்டுக்கே மறுபெயராயிற்று.

குழாய் ஸ்பீக்கர் சிறிய சக்தியில் பெருஞ்சத்தம் தரும். ஆனால் தாழ்ந்த சுரம் அதில் ஏறாது. காரணம் எளிது. பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி வினாடிக்கு ஏறத்தாழ 41 தடவை அதிர்கிறது. ஒலி வினாடிக்கு 340 மீட்டர் ஓடுவதால், ஓர் அலையின் நீளம் எட்டு மீட்டருக்குமேல். அந்த அலையைச் செம்மையாக வெளியே அனுப்ப வேண்டுமானால், குழாய் வாயின் சுற்றளவும் ஏறக்குறைய அதே எட்டு மீட்டர் இருக்கவேண்டும். அதாவது வாயின் குறுக்களவு எட்டரை அடி! கோபுரத்தில் கட்ட முடியுமா? பழைய ஆர்கன் கட்டுவோருக்கும் இதே தொல்லை இருந்தது. அந்தச் சுரத்துக்கு அவர்கள் பதின்மூன்றடிக்கு மேற்பட்ட திறந்த குழலை நிறுத்த வேண்டியிருந்தது. தாழ்ந்த சுரம் என்றைக்கும் இடமும் காற்றும் கேட்கும் சுரம்.

பேஸ் கிட்டாரும் பெட்டியும்

இந்தத் தொல்லையிலிருந்து பிறந்ததுதான் பேஸ் கிட்டார். மேல்நாட்டு இசைக்குழுக்களில் ஆளுயர டபுள் பேஸ் இருந்தது. தூக்குவது சிரமம், மற்ற கருவிகளுக்கு நடுவே கேட்பதும் சிரமம். 1940-களின் பிற்பகுதியில் எவரெட் ஹல் என்பவர் அதன் கால் முனையில் மைக் பொருத்தி ஒலியைக் கூட்டினார். ஆம்பெக் நிறுவனம் அப்படிப் பிறந்தது. கலிபோர்னியாவில் ரேடியோ பழுதுபார்த்து வந்த லியோ பெண்டர் வேறு வழியில் சிந்தித்தார். தோளில் மாட்டும் அளவில், சுரக்கட்டை வைத்த, மின்சாரத்தால் மட்டுமே ஒலிக்கும் பேஸ் ஒன்றை 1951-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கென 1952-ல் பேஸ்மேன் என்ற ஆம்ப்ளிபயரையும் தந்தார். அதன் சக்தி சுமார் 26 வாட். ஸ்பீக்கர் ஒன்று, 15 அங்குலம்.

பின்னர் ராக் இசை பெருமைதானங்களுக்குச் சென்றது. 1969-ல் ஆம்பெக் நிறுவனம் 300 வாட் வால்வு ஆம்ப்ளிபயரை வெளியிட்டது. ஒவ்வொன்றிலும் எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட இரண்டு பெட்டிகளோடு அதை வாசித்தார்கள். இங்கேதான் நம் இளைஞர்கள் கவனிக்கவேண்டிய கணக்கு இருக்கிறது.

26 வாட்டிலிருந்து 300 வாட் என்பது பதினொரு மடங்குக்கு மேல். ஆனால் மனிதக் காது வாட்டை எண்ணுவதில்லை. சக்தி இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்று சொல்லுமளவே. சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும்; அதாவது பத்து மடங்கு சக்தி. ஆகவே அந்தப் பதினேழு ஆண்டு முன்னேற்றத்தில் ஆம்ப்ளிபயர் மட்டும் தந்தது இருமடங்கு சத்தமே. மிச்சத்தைத் தந்தது யார்? கூம்பின் பரப்பு. பதினாறு 10 அங்குலக் கூம்புகள் சேர்ந்தால் ஒரு 15 அங்குலக் கூம்பின் பரப்பைப் போல ஏழு மடங்கு. விரலால் விசிறினால் காற்று வராது. முறத்தால் விசிறினால் வரும். நம் தாய்மார்கள் அடுப்படியில் அறிந்த உண்மைதான் இது.

மலைக்காற்று செய்யும் குறும்பு

நம் மலைக்கே உரிய ஒரு செய்தியும் உண்டு. செண்பகனூர் ஏறத்தாழ 6000 அடி உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. பருப்பு வேகத் தாமதமாவதற்கு மெல்லிய காற்றின் குறைந்த அழுத்தமே காரணம் என்பது எல்லோரும் அறிந்ததே. அதே மெல்லிய காற்றை ஸ்பீக்கர் கூம்பு தள்ளும்போது, பிடிப்பதற்குக் காற்று குறைவாகவே கிடைக்கிறது. இழப்பு ஒரு டெசிபலுக்குள்தான். அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஆனால் மெல்லிய காற்று ஆம்ப்ளிபயரின் சூட்டையும் மெதுவாகத்தான் எடுத்துச் செல்லும். மூடுபனியின் ஈரமோ காகிதக் கூம்பையும் ஒட்டுப்பலகைப் பெட்டியின் மூட்டுகளையும் மெல்ல மெல்லத் தளர்த்தும். மாலையில் மின்னழுத்தம் தாழ்ந்தால் ஆம்ப்ளிபயர் தன் முழுச் சக்தியைத் தராது. இவை எல்லாம் சேரும்போது, சமவெளியில் போதுமாக இருந்த பெட்டி மலையில் மூச்சுத் திணறுகிறது.

நாங்கள் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியில் இந்தப் பாடத்தைக் கற்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது, ஆனால் கற்கவில்லை. பேஸ் கேட்கவில்லை என்று திருகியைக் கடைசிவரை திருப்பினோம். உன்னதங்களிலே பாடும் வேளையில் 'பர்' என்ற ஓசை எழுந்தது. கூம்பு கிழிந்துபோயிற்று. ஆம்ப்ளிபயரைத் தன் அளவுக்கு மீறித் திருகினால் அலையின் முகடு வெட்டுண்டு, ஒலி கரகரக்கும். கூம்பும் தன் எல்லையைத் தாண்டிக் குதிக்கும். குற்றம் கருவியுடையதல்ல; எங்களுடையதே. அன்றிரவு மீதிப் பாடல்களைப் பேஸ் இல்லாமலே பாடினோம். மக்கள் வழக்கத்தைவிட உரக்கப் பாடினார்கள். அந்தக் குறிப்பைக்கூட அன்று நாங்கள் புரிந்துகொள்ளவில்லை.

இம்முறை பாட்டியம்மாவின் சொல் உறுத்தியதால், வாங்குவதற்கு முன் சோதிக்கலாம் என்று தீர்மானித்தோம். ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு தம்பி ஒரே சுரத்தை விடாமல் வாசிக்க, நாங்கள் கோவில் முழுவதும் நடந்து கேட்டோம். வியப்பு என்னவென்றால், வாசிப்பவன் நிற்கும் இடத்தில் ஒலி மெலிந்திருந்தது. நடுக்கோவிலில் சுமார். பின்சுவரை ஒட்டிய பெஞ்சில் அதே சுரம் நெஞ்சில் இடித்தது. பாட்டியம்மா அமரும் பெஞ்சு அதுதான்!

காரணம் இதுவே. நீண்ட அலை சுவரில் மோதித் திரும்பும்போது, சுவரருகில் அழுத்தம் கூடும். இடையில் சில இடங்களில் வந்த அலையும் திரும்பிய அலையும் ஒன்றையொன்று அழிக்கும். தவிர, பெட்டி தரையில் இருந்தது. சுரத்தைத் தெளிவாக்கும் நடுத்தர ஒலிகள் வாசிப்பவனின் முழங்காலைத் தாக்கினவே தவிரக் காதுக்கு ஏறவில்லை. அவன் கேட்கவில்லை என்று கூட்டக் கூட்ட, பின்பெஞ்சில் இடி கூடியது. இருவர் சொன்னதும் உண்மை. கூட்டத்தில் சிரித்த நாங்கள்தான் தவறியவர்கள்.

பின்வரும் காரியங்களைச் செய்தோம். பிற பங்குகளின் பாடகர் குழுவினருக்கும் பயன்படும் என்று கருதி வரிசையாகத் தருகிறேன்.

முதலாவது, பெட்டியின் முன்புறத்தைச் சற்றே உயர்த்தி, வாசிப்பவனின் காதை நோக்கிச் சாய்த்தோம். ஒரு காசு செலவில்லை. அவனே திருகியைக் குறைத்தான்.

இரண்டாவது, பெட்டியில் காற்று கசிந்த மூட்டுகளைப் பசையிட்டு அடைத்தோம். கூம்பு முன்னே தள்ளும் காற்று பின்னே ஓடிப்போய் வீணாகாமல் தடுப்பதற்குத்தான் பெட்டியே இருக்கிறது. அந்த வகைப் பெட்டியில் ஓட்டை விழுந்தால் தாழ்ந்த சுரம் அதன் வழியே போய்விடும்.

மூன்றாவது, பெட்டியைச் சுவரோரமாக நகர்த்திப் பார்த்தோம். தரை ஒன்று, சுவர் ஒன்று, மூலை ஒன்று என்று சேரச் சேரத் தாழ்ந்த ஒலி கூடும். மூலையில் மிகவும் கூடும். ஆனால் நம் கோவிலில் அது குழம்பியது. ஆகவே மூலையை விட்டுச் சில அடி தள்ளி வைத்தோம்.

நான்காவது, ஆம்ப்ளிபயரில் அடித்தாழ்ந்த ஒலியைச் சிறிது குறைத்து, அதற்கு மேலுள்ள நடுத்தர ஒலியைக் கூட்டினோம். மிகத் தாழ்ந்த ஒலியை மனிதக் காது எளிதில் கேட்காது என்பதை 1933-ல் பிளெச்சர், மன்சன் என்ற அறிஞர்கள் அளந்து காட்டினார்கள். சக்தியை விழுங்கும் ஒலியைக் குறைத்துக் காதுக்கு எட்டும் ஒலியைக் கூட்டினால், அதே வாட்டில் பேஸ் தெளிவாகக் கேட்கிறது.

ஐந்தாவது, சாமான் அறையில் கிடந்த அதே வகைப் பெட்டி ஒன்றைப் பழுதுபார்த்துப் பக்கத்தில் நிறுத்தினோம். 8 ஓம் பெட்டி இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம் ஆகும். ஆம்ப்ளிபயரின் பின்புறத்தில் 4 ஓம் வரை தாங்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்த பிறகே இணைத்தோம். எழுதப்பட்ட அளவுக்குக் கீழே போனால் ஆம்ப்ளிபயர் எரிந்துபோகும். இதில் துணிச்சல் உதவாது. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரில் இப்படி இரண்டாம் பெட்டி சேரும்போது, சக்தியும் கூடி, கூம்பின் பரப்பும் இரட்டித்து, தாழ்ந்த சுரத்தில் 6 டெசிபல் வரை கூடக்கூடும். இதையே ஒரு பெட்டியில் பெற வேண்டுமானால் நான்கு மடங்கு சக்தியுள்ள ஆம்ப்ளிபயர் வேண்டும். அதைத் தாங்கும் ஸ்பீக்கரும் வேண்டும். புதிய ஸ்பீக்கர் வாங்குவோரும் வாட்டை மட்டும் கேட்காமல், ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் என்று கேட்டு வாங்குவது நல்லது. 98 உள்ள ஸ்பீக்கருக்கு 50 வாட் கொடுப்பதும், 92 உள்ளதற்கு 200 வாட் கொடுப்பதும் ஒன்றே.

ஆறாவதுதான் மிகக் கடினமானது. கீபோர்டு வாசிப்பவர் இடதுகையைக் குறைத்தார். டிரம் வாசிப்பவர் கையை அடக்கினார். ஒரே இடத்தில் நால்வர் பேசினால் ஒருவர் பேச்சும் விளங்காது. மற்றவர் சற்று ஒதுங்கியபோது பேஸ் தானாகவே கேட்டது.

மொத்தச் செலவு பசைக்கும், வயருக்கும், ஒரு கூம்புக்கும் மட்டுமே. ஆம்ப்ளிபயருக்கென ஒதுக்க நினைத்த தொகை கோவில் கூரைப் பழுதுக்குப் போயிற்று.

வெளியே ஒலிபெருக்கி வைப்போருக்கு ஒரு வார்த்தை. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களுக்கு அரசு தரும் குறிப்பிட்ட விலக்கு வேறு. சட்டம் ஒருபுறமிருக்க, பள்ளத்தாக்கில் ஒலி நெடுந்தூரம் செல்லும்; நோயுற்றோர் எந்த வீட்டிலும் இருக்கலாம்.

முடிவாக

மாற்றங்கள் செய்த பிறகு வந்த ஞாயிறன்று காணிக்கைப் பாடலின்போது நான் பின்பெஞ்சுக்குப் போய் நின்றேன். பேஸ் கிட்டார் காலடித் தரையைப் போல உறுதியாக இருந்தது. இருக்கிறது என்றே தோன்றாமல் இருந்தது. அதன்மேல் மக்களின் குரல் நடந்து சென்றது. பாட்டியம்மா பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே பாடிக்கொண்டிருந்தார். சுரம் சற்று விலகித்தான் இருந்தது. ஆனால் பாடினார்.

இலத்தீன் பாடிய முன்னோர் கட்டிடத்துக்குச் செவிசாய்த்துப் பாடினார்கள் என்று தொடக்கத்தில் சொன்னேன். அவர்களிடம் திருகி இல்லை, செவி இருந்தது. நம்மிடம் திருகி வந்தபோது செவியைச் சற்று மறந்தோம். இந்த யூபிலி ஆண்டில் நம் பாடகர் குழு அதை மீண்டும் கற்றுக்கொண்டிருக்கிறது. யூபிலித் திருப்பலியன்று பேஸ் கேட்கிறதா என்று யாரும் எங்களைக் கேட்கவேண்டாம். பக்கத்தில் நிற்பவர் பாடுவது உங்களுக்குக் கேட்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள். கேட்காவிட்டால் தயங்காமல் வந்து சொல்லுங்கள். இம்முறை யாரும் சிரிக்கமாட்டோம்.